முதுகில் ஒரு பெல்ட்

இந்தக் கதையில் குருவுக்கு வயது குறைவு. நரை எல்லாம் சீடருக்குத்தான்.

குருவின் பெயர் ஜெசிந்தா. புதுச்சேரியில், துறைமுகத்துக்குப் போகும் தெருவில் டைவிங் கடை வைத்திருந்தார். கடலுக்கு அடியில் போகிறவர்களுக்கு வேண்டிய மாஸ்க், ஜாக்கெட், சிலிண்டர் எல்லாம் அங்கே உண்டு. வருகிறவர்களைப் படகில் கூட்டிப் போய்க் கடலில் இறக்கிக் காட்டவும் செய்வார். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது.

சீடரின் பெயர் அறவாழி. விழுப்புரத்தில் வாட்ச் கடை வைத்திருந்தவர். பாதி ஊர் போனில் மணி பார்க்க ஆரம்பித்தது. மீதி ஊர் போனிலேயே வாட்ச் வாங்க ஆரம்பித்தது. ஷட்டரை இழுத்துவிட்டார். கடலுக்கு அடியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் பார்க்க வந்தவர், பார்த்த பிறகு வீட்டுக்குத் திரும்பவில்லை. வீட்டில் யாரும் இல்லை என்பதும் ஒரு காரணம்.

கடையில் ஒரு விதி உண்டு. யாரும் தனியாக இறங்கக் கூடாது. ஜோடி வேண்டும். இறங்குவதற்கு முன் ஒருவர், "திரும்பி நில்லுங்க" என்பார். மற்றவர் திரும்பி நிற்பார். சிலிண்டரை ஜாக்கெட்டோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் முதுகுப் பக்கம் இருக்கும். அதை இவர் இழுத்துப் பார்ப்பார். பிறகு இவர் திரும்புவார், அவர் பார்ப்பார்.

ஆள் வராத நாட்களிலும் மாஸ்டரும் அறவாழியும் காலையில் இதைச் செய்துவிட்டு, ஒருமுறை கடலில் இறங்கி ஏறுவார்கள்.

ஆள் வராத நாட்கள் கூடிக்கொண்டே போயின.

அந்த நாட்களில் அறவாழி கடைக்கு வெளியே போய், கதவைத் தட்டி, வேறு ஆளாக உள்ளே வருவார். அவர் தொண்டையில் பல ஊர்கள் இருந்தன.

"ஏன்டிம்மா, இந்த மாஸ்க்கைப் போட்டுண்டா மூக்குத்தி உறுத்தாதோ?"

மாஸ்டர் சிரிக்காமல் பதில் சொல்வார். "உறுத்தும் மாமி. கழட்டி என்கிட்ட குடுத்துட்டுப் போங்க."

அறவாழி வெளியே போய் இன்னொரு ஆளாக வருவார்.

"ஏனுங்க, சுறா கிறா வந்துதுன்னா என்னங்க பண்றது?"

"வந்தா கும்பிடுங்க. நம்மள விட வயசுல பெரிய சாதி."

"கும்பிட்டா போயிருமுங்களா?"

"கும்பிடலன்னாலும் போயிடும்."

இப்படியாக ஆளே வராத கடையில் மத்தியானம் வரைக்கும் கூட்டம் இருக்கும். மத்தியானத்துக்கு மேல் அறவாழிக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அப்போதுதான் கடை காலியாக இருப்பது இருவருக்கும் தெரியும்.

ஒருநாள் நிஜமாகவே ஒருவன் வந்தான். இளம்பரிதி என்று பெயர் சொன்னான். சென்னையில் வேலை. டைவிங் படித்துச் சான்றிதழும் வாங்கியிருந்தான்.

"அக்கா, சொந்தமா ஒரு செட் வாங்கலாம்னு இருக்கேன். எனக்கு எதுவும் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

மாஸ்டர் மாஸ்க்குகளை வரிசையாக எடுத்து வைத்தார்.

"பட்டையை மாட்டாதீங்க. சும்மா முகத்துல வச்சு, மூக்கால மூச்சை உள்ள இழுங்க. இழுத்துட்டுக் கையை விடுங்க."

முதல் மாஸ்க் விழுந்தது. மாஸ்டர் பிடித்துக்கொண்டார். அடுத்ததும் விழுந்தது. பிடித்தார். மூக்குக்குப் பெரியது, கன்னத்துக்குச் சிறியது, நெற்றியில் இடைவெளி விடுவது என்று ஒவ்வொன்றாக வைத்து வைத்து எடுத்தார். கடைசியில் ஒன்று கையை விட்ட பிறகும் அவன் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

"இதுதான் உங்க முகம்" என்றார் மாஸ்டர்.

அதே மாதிரி ஜாக்கெட்டும் பார்த்தார்கள். எந்த அளவு, எங்கே பிடிக்கும், எங்கே பிடிக்கக் கூடாது என்று எல்லாம் சொன்னார். வெயில் வாசலிலிருந்து கல்லாவுக்கு வந்துவிட்டது.

"சூப்பர்க்கா" என்றான் இளம்பரிதி. பெட்டிகளின் மேலிருந்த பெயர்களைப் போனில் படம் பிடித்தான். "யோசிச்சுச் சொல்றேன்."

கதவு வரை போனவன் திரும்பினான்.

"அக்கா, இங்க சிக்னல் எடுக்கல. வைஃபை பாஸ்வேர்டு என்ன?"

மாஸ்டர் சொன்னார். அவன் கடைக் கண்ணாடி அலமாரியின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஆன்லைன் கடையில் எல்லாவற்றையும் ஆர்டர் போட்டான். அதே மாஸ்க். அதே ஜாக்கெட். போட்டு முடித்ததும் போன் "டிங்" என்றது.

அவன் போன பிறகு அறவாழி வெளியே போகவில்லை. நின்ற இடத்திலேயே அவன் குரலில் பேசினார்.

"அக்கா, உங்க கண்ணாடி அலமாரி மேல சாஞ்சுக்கிட்டு உங்க கழுத்தை அறுக்கணும். கத்தி இருக்காக்கா?"

மாஸ்டர் விழுந்த மாஸ்க்குகளைத் துடைத்து மறுபடியும் வரிசையில் வைத்தார்.

மறுவாரமே இளம்பரிதி பெரிய பையோடு வந்து நின்றான்.

"அக்கா, எல்லாம் வந்துடுச்சு! காத்து அடைச்ச சிலிண்டரும் படகுல ஒரு இடமும் மட்டும் போதும்."

"கூட யாரு?"

"தனியாத்தான் வந்தேன்."

"அப்ப அறவாழி அண்ணன் உங்க ஜோடி" என்றார் மாஸ்டர்.

படகு கிளம்பியது. கரை ஒரு கோடாக ஆனதும் நிறுத்தினார்கள். இளம்பரிதி புது ஜாக்கெட்டில் சிலிண்டரைக் கட்டி, வீடியோவில் பார்த்த மாதிரியே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டான். பள்ளிக்கூடத்தின் முதல் நாள் சட்டை போல மொடமொடவென்று இருந்தான்.

"திரும்பி நில்லு தம்பி" என்றார் அறவாழி.

அவன் திரும்பினான். அறவாழி பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். கல் மாதிரி இறுகியிருந்தது. ஆனால் மடிப்புக்கூடக் கலையாத புது பெல்ட். தண்ணீரே பார்க்காதது. புது பெல்ட்டை நனைத்து, ஊறவைத்து, பிறகு இறுக்க வேண்டும். காய்ந்தபடியே இறுக்கினால் கடலுக்குள் போனதும் நீளும். சிலிண்டர் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். போட்டிருப்பவனுக்கு அது தெரியும்போது வாயிலிருக்கும் மூச்சுக்குழாயையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருக்கும்.

இது வீடியோவில் இல்லை போலிருக்கிறது.

அறவாழி பெல்ட்டிலிருந்து கையை எடுத்தார்.

"சரியா இருக்கு" என்றார்.

மாஸ்டர் படகின் மறுமுனையில் இருந்தார். "என்னண்ணே, பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு மாஸ்டர்."

மாஸ்டர் எழுந்து வந்தார். வாளியைக் கடலில் விட்டு மொண்டார். இளம்பரிதியின் முதுகில் அப்படியே கவிழ்த்தார்.

"அய்யோ அக்கா! புது ஜாக்கெட்டு!"

"கடலுக்குத்தானே போகுது?"

இன்னொரு வாளி ஊற்றினார். பெல்ட்டைக் கையால் பிசைந்தார். சற்றுப் பொறுத்து அறவாழியின் கையைப் பிடித்து, பெல்ட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வைத்தார். அவருடைய நாலு விரலும் உள்ளே போயின.

அறவாழி விரல்களை வெளியே எடுக்க நேரமாயிற்று. மாஸ்டர் பெல்ட்டை மறுபடியும் இறுக்கினார்.

"இறங்குங்க" என்றார் இருவரையும் பார்த்து.

அவர்கள் இறங்கி, மீன் பார்த்து, ஏறி வந்தார்கள். இளம்பரிதிக்கு ஒரே சந்தோஷம். கரையில் இறங்கியதும் மாஸ்டருடன் படம் எடுத்துக்கொண்டான். அறவாழியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"அங்கிள், நீங்க பக்கத்துலயே இருந்தீங்க பாருங்க, எனக்குப் பயமே வரல."

அறவாழி அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் இருவரும் கடைக்குப் பின்னால் நல்ல தண்ணீரில் சாமான்களை அலசிக்கொண்டிருந்தார்கள்.

"அவன் குதிக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருப்பேன் மாஸ்டர்."

"ம்."

"கொஞ்ச நேரம் பயப்படட்டும்னு நினைச்சேன்."

"ம்."

"அது நம்ம கடை பெல்ட் இல்லையே மாஸ்டர்."

"தண்ணிக்கு எந்தக் கடைன்னு தெரியாதுண்ணே."

அறவாழி ஒரே மாஸ்க்கைத் திரும்பத் திரும்ப அலசினார்.

"ஓசூர்ல ஒரு வேலை கேட்டிருந்தேன், போன் வந்துது" என்றார். "அந்தப் பையன் வாங்கினானே, அதே ஆன்லைன் கடை. அங்கதான் அவங்க கிடங்கு. வாங்கினவங்க போன் பண்ணிச் சந்தேகம் கேட்டா பதில் சொல்ல ஆள் வேணுமாம். என் குரல் நல்லா இருக்காம்."

"எந்தக் குரல்?"

அறவாழிக்குச் சிரிப்பு வந்து, வந்த வழியே போயிற்று.

"நான் போயிட்டா உங்களுக்கு ஜோடி இல்ல. ஆள் வராத நாள்ல நீங்க கடல்ல இறங்க முடியாது. அது தெரியும் எனக்கு. ஆனா இன்னொரு கடை சாகறதைப் பார்க்க என்னால ஆகாது மாஸ்டர். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, இருந்துடறேன். எல்லாமே அந்த ஆன்லைன் கடைக்காரன்கிட்ட இருக்கு. மாஸ்க் இருக்கு, ஜாக்கெட் இருக்கு, வீட்டுக்கே கொண்டுவந்து குடுக்கறான். நம்மகிட்ட என்னதான் மிச்சம் இருக்கு?"

மாஸ்டர் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

அறவாழிக்கு அந்த வார்த்தை நன்றாகத் தெரியும். அதைச் சொல்லிவிட்டுப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. அவர் ஓசூருக்குப் பஸ் ஏறினார்.

ஓசூரில் கடல் இல்லை. பெரிய கிடங்கு இருந்தது. கூரை வரை மாஸ்க்குகள், கூரை வரை ஜாக்கெட்டுகள். எதுவும் நனைந்ததில்லை. அறவாழிக்கு ஒரு நாற்காலியும் காதில் மாட்ட ஒரு ஹெட்செட்டும் கொடுத்தார்கள். எதிரே சுவர்.

ஊர் ஊராகக் குரல்கள் வந்தன. இந்தப் பக்கம் மட்டும் ஒரே குரலில் பேச வேண்டும் என்பது அங்கே விதி. மத்தியானத்துக்கு மேலும் அவருக்குத் தொண்டை கட்டவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து நாற்காலிப் பையனிடம் ஒருமுறை மூக்குத்தி மாமியாகப் பேசிப் பார்த்தார். பையன் ஹெட்செட்டைக் கழற்றி, "என்ன சார்?" என்றான். "ஒண்ணும் இல்லப்பா" என்றார்.

மழைக்காலம் வந்தது. புதுச்சேரியில் கடல் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். போன் செய்யவில்லை. என்ன குரலில் பேசுவது என்று தெரியவில்லை.

மழை விட்ட பிறகு ஒரு காலையில் ஹெட்செட் கூப்பிட்டது.

"வணக்கம். அழைத்ததற்கு நன்றி. என்ன உதவி வேண்டும்?"

"ஏனுங்க, கடைங்களா?"

ஒரு பெண் கோயம்புத்தூர்க்காரர் மாதிரி பேசினார். அவ்வளவு நன்றாக வரவில்லை.

"ஆமாங்க, சொல்லுங்க."

"உங்ககிட்ட சிலிண்டர் பெல்ட் ஒண்ணு வாங்கினேனுங்க. பழசு இத்துப் போச்சுங்க."

"பொருள் வந்துடுச்சுங்களா?"

"வந்துருச்சுங்க. நல்லாருக்குதுங்க. குறை ஒண்ணும் இல்லீங்க."

"கட்டறதுக்கு முன்னாடி நனைச்சீங்களா?"

"ஊறவே வெச்சனுங்க."

"அப்புறம் இறுக்கினீங்களா?"

"இறுக்கிட்டு, சிலிண்டரை மாட்டிக்கிட்டுத்தான் நிக்கறனுங்க."

"அப்புறம் என்னங்க பிரச்சினை?"

மறுமுனையில் படகு மோட்டார் ஒன்று தூரத்தில் போயிற்று. அலைச் சத்தம் கேட்டது.

"சரியா இருக்குதான்னு தெரியலீங்க. முதுகுல இருக்குதுங்களே."

அறவாழியின் கை ஹெட்செட்டைப் பிடித்துக்கொண்டது.

"மாஸ்டர்?"

குரல் கோயம்புத்தூரை விட்டு இறங்கி வந்தது.

"நம்மகிட்ட என்ன மிச்சம்னு கேட்டீங்களேண்ணே. யோசிச்சேன்."

அறவாழி எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் யாரோ யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாய் திறந்தபோது அந்த ஊர், இந்த ஊர் என்று இல்லாமல், அவருடைய சொந்தக் குரல் வந்தது.

"திரும்பி நில்லுங்க மாஸ்டர்."

அலை ஒன்று வந்து போனது.

"நின்னுட்டேண்ணே" என்றார் மாஸ்டர். "தெரியுதா?"