கேமராவ எடுத்தது எது?

எங்க ஊர் போட்டோ வாட்ஸ்அப் குரூப்புல கேள்வி கேட்டா பதில் வராது, கேமரா பேருதான் வரும். மருந்துக்கடையில வேல பாக்குற இருதயராஜ் ஒருநாள் கேட்டான், "பிள்ள சிரிக்கும்போது எடுத்தா படம் ஆடிப்போகுது. என்ன செய்யணும்?"

குரூப்புக்கு அட்மின் சிதம்பரம் அண்ணாச்சி. "எதுல எடுத்த?"ன்னாரு.

"போன்லதான் அண்ணாச்சி."

"போன்ல எடுத்தா அது படமே இல்லடே. என்னோடது மாதிரி கேமரா வாங்கு. இல்லேன்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள வெளிய போயிரு. போன் படத்துக்கு இங்க இடமில்ல."

வெளிய போனா அவனுக்குச் சொல்லித்தர வேற ஆளில்ல. பணிவா எழுதுனான், "வாங்கிருதேன் அண்ணாச்சி. உங்க கேமரா எப்படி இருக்கும்னு ஒரு படம் போடுங்க."

உடனே வந்துச்சு. சிவப்பு வெல்வெட் துணி மேல கேமரா புது மாப்பிள்ள மாதிரி உக்காந்திருந்துச்சு. எல்லாரும் கை தட்டுனோம்.

"பொடி எழுத்துகூடத் தெரியுதே"ன்னான் இருதயராஜ். "இத எதுல எடுத்தீங்க அண்ணாச்சி?"

அண்ணாச்சிகிட்ட இருக்கது ஒரே கேமரா. அது துணி மேல இருக்கு. அப்ப எடுத்தது போன்தான்.

கொஞ்ச நேரத்துல இருதயராஜ நீக்கியாச்சுன்னு வந்துச்சு. அவர் போட்ட சட்டப்படி போகவேண்டியது அண்ணாச்சிதான். அவன் மொதல்ல கேட்ட கேள்விக்கும் இன்னைவரைக்கும் பதில் இல்ல. தெரிஞ்சவன் இருந்தாத்தான சொல்ல.

அடுத்த வாரம் அண்ணாச்சி இன்னொரு கேமரா வாங்குனாரு, முத கேமராவப் படம் எடுக்க. இப்ப ரெண்டும் ஒண்ண ஒண்ணு எடுத்துக்கிட்டு இருக்கு.