ராஜாவுக்கு விழுந்த ஓலைகள்

விடங்கராயர் நல்ல ராஜா. ஏரி வெட்டினார், வரியைக் குறைத்தார், காரணமில்லாமல் யாரையும் சிறையில் போட்டதில்லை. ஒரே ஒரு குறை, அவர் பாடுவார்.

பன்னிரண்டு நாடுகள் கலந்துகொள்ளும் பாட்டுப் போட்டியில், இளவரசராக இருந்தபோது, ஒருமுறை ஜெயித்தும் இருக்கிறார். அந்த வருஷம் போட்டி அவருடைய ஊரிலேயே நடந்தது. நடுவர்கள் வந்த கப்பலில் ஏதோ பழுது. தீர்ப்புச் சொன்ன அன்று மத்தியானமே பழுது சரியாகிவிட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஜெயித்தவர்கள் வருஷா வருஷம் போட்டித் தொடக்கத்தில் தங்கள் பாட்டை மறுபடி பாடலாம் என்று ஒரு வழக்கம் உண்டு. மற்றவர்கள் நாலு வரி பாடிவிட்டு இறங்கிவிடுவார்கள். ராஜா முப்பத்தாறு சரணத்தையும் பாடுவார். ஆகவே அவர் குரலைப் பன்னிரண்டு நாடும் அறியும். அரண்மனையில் இருப்பவர்களுக்கு அது தினமும் சாயங்காலம் கிடைத்துக்கொண்டிருந்தது.

போட்டியின் இருபத்தைந்தாம் வருஷம் வந்தது. இதுவரை ஜெயித்த இருபத்துநாலு பேரில் யாரை ரொம்பப் பிடிக்கும் என்று ரசிகர்களே ஓலையில் எழுதிக் குடத்தில் போடட்டும் என்று முடிவாயிற்று. அந்த வருஷம் விழாவை நடத்தும் முறை விடங்கராயருக்கு வந்தது. கிராம்புத் தீவுப் பாடகி லாயிமாவின் ரசிகர்கள் கையில் அவள் பெயரைப் பச்சை குத்திக்கொண்டார்கள். படகுக்காரப் பாடகன் சேமனின் ரசிகர்கள் அவனைப் போலவே ஒருபக்க மீசை வைத்துக்கொண்டார்கள். கத்தரிக்காய் வாங்கப் போனால்கூட, "நீ யார் கட்சி?" என்று கேட்ட பிறகுதான் தராசைத் தூக்கினார்கள். ராஜா கட்சி என்று ஒன்று எங்கேயும் இல்லை.

இது ராஜாவின் காதுக்கும் போயிற்று. அவையின் விகடகவி குழைக்காதரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஓய் குழைக்காதரே, நான்தான் முதலில் வரவேண்டும்."

"உத்தரவு போட்டால் ஆயிற்று, மகாராஜா. யார் மறுப்பார்கள்?"

"அதுதான் கூடாது. பயந்து எழுதிய ஓலை எனக்கு வேண்டாம். பரிசு வாங்கிக்கொண்டு எழுதியதும் வேண்டாம். எண்ணும்போது தில்லுமுல்லு கூடாது. அத்தனை பேரும் மனசார எழுத வேண்டும். நான் ஜெயிக்க வேண்டும்."

குழைக்காதர் தரையைப் பார்த்தார். "முடியாவிட்டால், மகாராஜா?"

"உம்மை என்ன செய்துவிடப் போகிறேன்? என் தம்புராக்காரர் காசிக்குப் போய்விட்டார். அந்த இடம் காலியாக இருக்கிறது. தினமும் சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து நீர் மீட்டும். ஆயுசு முழுவதும்."

குழைக்காதர் கணக்குப் போட்டுப் பார்த்தார். தலையை வாங்குவேன் என்று சொல்லியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். அந்தத் தம்புராக்காரர் புறப்பட்டபோது, "புண்ணியம் தேடியா போகிறீர்?" என்று இவர் கேட்டார். "இல்லை, தூரம் தேடி" என்றார் அவர்.

மூன்று நாள் குழைக்காதருக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் ஒரு ஓலையோடு வந்தார்.

"ஜெயிப்பவருக்கு என்ன மரியாதை என்று நாம் இன்னும் அறிவிக்கவில்லை, மகாராஜா. அதை எழுதி வந்திருக்கிறேன்."

"பொன்னாடையோ வெண்குடையோ, எதுவானாலும் சரி. எனக்கு வேண்டியது ஜனங்களின் ஓலை" என்று ராஜா படிக்காமலே முத்திரை வைத்தார். அன்றே ஆட்கள் பன்னிரண்டு நாட்டுக்கும் முரசோடு புறப்பட்டார்கள்.

ஓலை போடும் நாளில் ஊர் கொள்ளவில்லை. பச்சை குத்தியவர்கள் அதன்மேல் துணியைச் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒருபக்க மீசைக்காரர்கள் அவர்களுக்கு இடம் விட்டார்கள். நாலு நாள் படகில் வந்த ஒரு கிழவர் ஓலையைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராஜா மாடத்திலிருந்து பார்த்தார்.

"அழுகிறார்கள், பார்த்தீரா?"

"மனசார அழுகிறார்கள், மகாராஜா" என்றார் குழைக்காதர்.

எண்ணி முடித்தார்கள். மொத்தம் பதினோராயிரத்து நானூற்றிரண்டு ஓலை. லாயிமாவுக்கு ஒன்று, சேமனுக்கு ஒன்று. மீதி அத்தனையும் ராஜாவுக்கு. லாயிமாவுக்குப் போட்டது சேமன், சேமனுக்குப் போட்டது லாயிமா என்று கையெழுத்திலேயே தெரிந்தது.

"என்ன பெருந்தன்மை" என்று ராஜா உருகிப்போனார். தொண்டையைக் கனைத்துச் சரிசெய்துகொண்டார். "இவ்வளவு அன்புக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? முப்பத்தாறு சரணத்தையும் இப்போதே பாடிவிடுகிறேன்."

அவை முழுவதும் குழைக்காதரைத் திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்து முத்திரை ஓலையைப் பிரித்தார்.

"முதலில் மரியாதையை வாசித்துவிடுகிறேன், மகாராஜா. 'வெல்பவரின் குரல் பன்னிரண்டு நாட்டுக்கும் பொதுச் சொத்து. அது தேயாமல் காக்கப்பட வேண்டும். ஆகையால் அவர் இனி எந்த மேடையிலும் எந்த அவையிலும் எந்தச் சாயங்காலத்திலும் பாடலாகாது.'"

ராஜா ஓலையை வாங்கிப் படித்தார். தம் முத்திரையையும் பார்த்தார்.

"இதை எல்லா நாட்டிலும் வாசித்தார்களா?"

"தெருத் தெருவாக."

"ஓலை போடுவதற்கு முன்பா?"

"பத்து நாள் முன்பே."

"யாரும் பயந்து போடவில்லையே?"

குழைக்காதர் கையைக் கட்டிக்கொண்டார். "பொய் சொல்லக் கூடாது. வேறு யாராவது ஜெயித்துவிடுவார்களோ என்று பயந்தார்கள், மகாராஜா."

அவையில் எல்லோரும் தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜாவின் மீசை முதலில் துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு மட்டும் சுருதி சேர்ந்திருந்தது என்று அன்று அங்கே இருந்தவர்கள் சொல்வார்கள். கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றிக் குழைக்காதரின் கையில் போட்டார். தம்புராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டவும் சொன்னார்.

சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ராணி தினமும் கண்ணை மூடிக்கொண்டு என் பாட்டைக் கேட்பாளே. அவளும் எனக்குத்தான் போட்டாளா?"

"முதல் ஓலையே மகாராணியுடையதுதான்" என்றார் குழைக்காதர். "நாங்கள் குடத்தைக் கொண்டுவருவதற்கு முன்பே வந்து நின்றுவிட்டார்கள்."