கீரி வாசலில் காசித்தும்பை

ஒரு காட்டில் புங்கமரத்தடியில் ஒரு முயல் வளை தோண்டிக் குடியிருந்தது. அது தன் வாசலில் காசித்தும்பைச் செடிகள் வளர்த்தது. களை பறிக்கும். மழை தவறினால் ஓடையிலிருந்து வாயில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும். செடி கொள்ளாமல் பூத்தது, குழந்தைகளே! ஓடைக்குப் போகும் விலங்குகள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகும்.

பக்கத்து வளையில் இருந்த கீரிக்கு வயிறு எரிந்தது. "என் வாசலில் ஒருவராவது நிற்கிறார்களா? இந்த நீட்டுக் காதுக்காரிக்கு மட்டும் இவ்வளவு மவுசா?" என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். பாவம், அதற்கு இரைகூட இறங்கவில்லை.

மழைக்காலம் முடிந்தது. செடிகள் வாடத் தொடங்கின. கீரி குதித்துக்கொண்டு வந்தது.

"என்ன முயலக்கா, பூவெல்லாம் போச்சு போலிருக்கே?"

"போகட்டும் தம்பி. இது ஒரு வருஷச் செடி. பூத்துக் காய்த்து மடிந்துவிடும். காய்க்குள் விதை இருக்கிறது. அடுத்த மழைக்கு அதைத்தான் விதைப்பேன். அந்தக் காயை எப்படிப் பறிக்க வேண்டும் தெரியுமா..."

கீரி அதற்குமேல் காது கொடுக்கவில்லை. விதை போனால் பூவும் போச்சு என்று நினைத்துக்கொண்டு நடையைக் கட்டியது.

சில நாள் கழித்து, முயல் மேயப் போன நேரம் பார்த்து, கீரி செடிகளை வேரோடு பிடுங்கியது. அவற்றைக் கவ்வி, தன் வளைக்குப் பின்னால் இருந்த பள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. வழியெல்லாம் காய்கள் பட் பட்டென்று வெடித்தன. மூக்கிலும் முதுகிலும் ஏதேதோ தெறித்தது. தன் வாசலில் நின்று உடம்பை நன்றாக உதறிக்கொண்டது. பிறகு செடிகளைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கியது.

முயல் வந்து பார்த்து ஓவென்று அழுதது. விதைக்கு ஒரு காய்கூட மிச்சமில்லை.

அடுத்த மழை வந்தது. முயலின் வாசலில் இரண்டொரு செடிதான் முளைத்தது. கீரியின் வாசலிலோ காசித்தும்பை மண்டிக் கிடந்தது!

மான் வாயைப் பிளந்தது. "கீரியண்ணே, இதெல்லாம் யார் விதைத்தது?"

ஒரு நாளும் பாராட்டுக் கேட்டிராத கீரிக்குத் தலைகால் புரியவில்லை. "நான்தான்! வேறு யார்?"

ஆமை மெல்ல வந்து தரையைப் பார்த்தது. "அதோ, பாதை நெடுக ஒரே வரிசையாகப் பூத்திருக்கிறதே, அது?"

"அதுவும் நான்தான்! ஒவ்வொரு விதையும் என் கையால் போட்டது!"

எல்லோரும் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். அது முயலின் வாசலில், செடிகளைப் பிடுங்கிய இடத்தில் போய் நின்றது.

"தம்பி," என்றது முயல், "பழுத்த காய் தொட்டால் வெடிக்கும் என்று சொல்லத்தானே அன்று வாயெடுத்தேன்?"

கீரி வளைக்குள் புகுந்துகொண்டது. அன்று முதல் பூப் பார்க்க அதன் வாசலில் தினமும் கூட்டம். அது ஆசைப்பட்ட அதே கூட்டம்தான்! ஆனால் கீரி பின்பக்கம் ஒரு துளை தோண்டி, அதன் வழியாகத்தான் வெளியே போய்வந்தது.

நீதி: அடுத்தவர் வாசலைப் பார்த்துப் பொறாமைப்படுபவர், தம் வாசலில் பூத்ததையும் அனுபவிக்க மாட்டார்.