மாண்ட ஓதுவார்

மருதவனம் ஜமீனில் ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடையில் விழும் எண்ணின்படி கதை நடத்தி ஆடுவார்கள். கதையை நடத்துபவர் ஜமீன்தார். கதைக்குள் அரசரும் அவரே. பதிகம் பாடிக் குகைக்கோயிலின் திருக்கதவம் திறக்கும் ஓதுவார் வேடம், வெற்றிலை மடிக்கும் அம்பலவாணனுக்கு.

கதையில் ஓதுவார் அரசரை முந்தி நடந்தது ஜமீன்தாருக்குப் பொறுக்கவில்லை. பகடையைத் தொடாமலே, "பாம்பு கடித்து ஓதுவார் மாண்டார். மாண்டவனுக்கு வாயில்லை. இனி ஆட வராதே!" என்றார்.

அம்பலவாணன் வாய்பொத்தி ஒதுங்கினான்.

அரசர் குகையை அடைந்தார், கதவு மூடியிருந்தது. ஆட்டம் பார்க்க வந்த விருந்தினர் எதிரே உருண்ட பகடையில், அரசருக்குப் பின்னால் புலி வந்தது.

"பாடுடா!" என்று ஜமீன்தார் அம்பலவாணனை அதட்டினார்.

அவன் தன் வாயைத் தொட்டுக் கைவிரித்தான். சபை சிரித்தது.

"சரி, பிழைத்தாய்! பாடித் தொலை!"

"பாடுகிறேன், எசமான். ஈசன் சாட்சியாக ஒரு விண்ணப்பம்: இனிப் பகடை கொன்றால் சாகிறேன், தாங்கள் கொன்றால் சாகமாட்டேன்."

புலி நெருங்கியது. ஜமீன்தார் பகடையை அவன் கையிலேயே கொடுத்தார்.