சுவரில் தொங்கியது

பஸ் முதலாளி வைரவநாதன் தன் செலவில் கண் பரிசோதனை முகாம் நடத்தினார். தன் போட்டோ இல்லாத சுவரே அங்கே இருக்கக்கூடாது என்பது அவர் உத்தரவு.

"நாளைக்கு ஸ்கூல் பஸ்ஸை நான்தான் ஓட்டித் தொடங்கி வைக்கிறேன். லைசென்ஸுக்குக் கண் நல்லா இருக்குன்னு எழுதுங்க டாக்டர். இல்லேன்னா இந்த ஊர்ல எப்படி கிளினிக் நடத்துறீங்கன்னு பார்த்துடறேன்!"

அவருடைய ஆட்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். டாக்டர் பேனாவை எடுத்தார்.

உதவியாளர் செண்பகவல்லி முன்னால் வந்தாள். "எழுதிடலாம் ஐயா. எதிர்ச் சுவரைப் பார்த்து ஒரு தடவை வாசிச்சிடுங்க."

எழுத்து சார்ட்டை நேற்றே வரவழைத்து மனப்பாடம் செய்திருந்தார் முதலாளி. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்தார். மறு கண்ணுக்கும் அப்படியே.

"ஒரு எழுத்தாவது தப்பா?"

"ஒண்ணுகூடத் தப்பில்லை ஐயா. ஆனா சார்ட்டை நான் இன்னும் மாட்டவே இல்லை. இதோ, என் கையில சுருட்டின மாதிரியே இருக்கு."

வாசலில் நின்ற ஆட்கள் சுவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அப்ப சுவத்துல தொங்குறது என்ன?" முதலாளி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"நீங்கதான் ஐயா. கும்பிட்டுக்கிட்டு நிக்கிறீங்க."