பித்தளைத் தகட்டில் ஒரே பெயர்

கோவையில் கிரைண்டர் செய்யும் ஆலை ஒன்றின் முதலாளி குமரவடிவேல், தலைமை என்றால் அதட்டல் என்று நினைத்தவர். வரைபடம் போடுபவர்களும் பாகங்களைப் பூட்டுபவர்களும் கூடிப் பேசுவதற்குக்கூட அவர் தடை விதித்திருந்தார். புதிய கிரைண்டர் ஒவ்வொன்றிலும் "முழு உருவாக்கம்: குமரவடிவேல்" என்ற பித்தளைத் தகடு திருகப்பட்டது.

அழகுக்காகக் கிரைண்டரின் கால்களை நெருக்கி வைக்கச் சொன்னவரும் அவரே.

"சாய்ச்சா கவுந்துடுமுங்க ஐயா," என்றாள், பூட்டும் பிரிவின் மயிலாத்தாள்.

"திருகாணி முடுக்கறதோட நில்லு!" என்று சீறினார்.

அறிமுக விழாவில், அரைத்த மாவை ஊற்றிக் காட்ட அவரே கிரைண்டரைச் சாய்த்தார். அது கவிழ்ந்து, வியாபாரிகளின் வெள்ளை வேட்டிகளில் உளுந்துமாவு வழிந்தது.

"இதைக் கெடுத்தது யாரு? பேரைச் சொல்லுங்க! இல்லாட்டிப் பூட்டும் பிரிவு மொத்தமும் வீட்டுக்குப் போகணும்!"

அத்தனை குடும்பங்களின் சோற்றிலும் மண் விழவிருந்தது. மயிலாத்தாள் கொதிப்புடன் முன்னே வந்தாள்.

"பேரை நாங்க மறைக்கலீங்க. மெசின்லயே இருக்குதுங்க."

தகட்டில் வழிந்த மாவை முந்தானையால் துடைத்தாள். மூத்த வியாபாரி குனிந்து உரக்கப் படித்தார்.

"முழு உருவாக்கம்: குமரவடிவேல். அப்ப வீட்டுக்குப் போக வேண்டியது யாருங்க?"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. வேலைநீக்கப் பேச்சை விழுங்கிக்கொண்ட முதலாளி, "அந்தத் தகட்டைக் கழட்டு!" என்று அலறினார்.

"எல்லா மெசின்லயும் கழட்டிடறோமுங்க," என்றாள் மயிலாத்தாள். "திருகாணி வேலைதானுங்களே எங்களுக்கு!"