சிட்டுக்குருவி நடக்க மறந்த கதை

பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடலோரத்து மேட்டு நிலம் ஒன்று சிட்டுக்குருவிகளுக்குச் சொந்தமாக இருந்தது. தினை, சாமை, வரகு எல்லாவற்றையும் அவையே விதைத்து, அவையே அறுத்துத் தின்றன. அடுத்த விதைப்புக்கு வேண்டிய விதைகளை ஓர் இலுப்பை மரப் பொந்தில் போட்டுக் களிமண்ணால் பூசி வைத்திருந்தன. அதற்குக் காவல் பொன்னரி என்ற பெண் குருவி. மழை பொய்த்த ஒரு வருடத்தில் அவளுடைய குஞ்சு ஒன்று பசியால் செத்தது. அப்போதும் அவள் பொந்தைத் திறக்கவில்லை.

ஒருநாள் கப்பலில் ஒரு வியாபாரி வந்தான். அவனுக்கு வேண்டியது அவுரி. அதன் தழையைத் தொட்டியில் ஊறவைத்து மிதித்தால் நீலச் சாயம் கிடைக்கும். தூர தேசங்களில் அதற்கு நல்ல கிராக்கி இருந்தது.

“நிலம் பூராவும் அவுரி போடுங்க தலைவரே. உங்களுக்குச் சோறு என் கப்பல்ல வரும்” என்று குருவித் தலைவன் கூத்தையனிடம் சொன்னான். “ஆனா விதை கையில இருந்தா யாராவது மறுபடியும் தினை போட்டுடுவாங்க. அதை என்கிட்ட கொடுத்துடுங்க. கேக்குறப்போ தர்றேன்.”

கூத்தையனுக்கு மட்டும் தனியாக ஒரு செப்புக் கூடு தருவதாகக் காதோடு சொன்னான்.

கூத்தையன் எல்லாரையும் அழைத்துக்கொண்டு இலுப்பை மரத்துக்கு வந்தான். பொன்னரி சிறகை விரித்துப் பொந்தை மறைத்து நின்றாள்.

“அண்ணே, கப்பல் ஒருநாள் வராம போனா எதைத் தின்போம்?”

“வராம எங்கே போகும்? உனக்கு எப்பவும் சந்தேகம்தான்.”

“என் குஞ்சு செத்தப்பவே நான் இதைத் திறக்கலியே அண்ணே!”

கூட்டத்தில் ஒரு குருவி கத்தியது: “அதான் சொல்றோம்! இனி எந்தக் குஞ்சும் அப்படிச் சாக வேண்டாம். நகரு!”

பொன்னரி நகரவில்லை. அவளை இழுத்துத் தள்ளிவிட்டுக் களிமண்ணை உடைத்தார்கள். கடைசி விதைவரை வியாபாரியின் மூட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

முதல் வருடம் கப்பலில் வெள்ளை அரிசி வந்தது. எல்லாரும் பொன்னரியைக் கேலி செய்தார்கள். மறு வருடம் அரிசி குறைந்தது, வேலை கூடியது. தொட்டியில் இறங்கித் தழை மிதிப்பவர்கள் ஒரே சீராக மிதிக்க வேண்டும் என்று வியாபாரியின் ஆட்கள் குருவிகளின் இரண்டு கால்களையும் சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை குருவிகள் குதித்துக் குதித்து மிதித்தன. இரவிலும் கயிற்றை அவிழ்க்கவே இல்லை. கட்டிய கால்களோடுதான் அவை குஞ்சு பொரித்தன. குஞ்சுகளும் தாயைப் பார்த்துக் குதிக்கவே கற்றுக்கொண்டன.

சில வருடங்களில் வேறொரு தேசத்தில் சாயம் இன்னும் மலிவாகக் கிடைத்தது. வியாபாரி புறப்படத் தயாரானான். குருவிகள் கரைக்குப் பறந்து வந்து விதையைக் கேட்டன.

“அதுவா? எப்பவோ வித்தாச்சே” என்றான்.

கூத்தையனின் செப்புக் கூடு கப்பலின் மேல்தட்டில் தொங்கியது. கூத்தையன் உள்ளே இருந்தான். கரைப்பக்கம் அவன் திரும்பவே இல்லை.

மேட்டு நிலத்தில் அவுரியின் கட்டைகள் மட்டும் காய்ந்து நின்றன. காலில் கட்டியிருந்த கயிற்றை அலகால் கொத்தி அறுத்துவிட்டு, பசித்த குஞ்சுகளோடு பொன்னரி பக்கத்து ஊருக்குப் பறந்தாள். அங்கே சடைச்சி என்ற பெண் யார் வீட்டு நெல்லையோ கூலிக்குக் குத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு காலத்தில் நிலம் இருந்தது. அதிலும் அவுரிதான் விளைந்தது.

“அம்மா, கீழே சிந்தினதைப் பொறுக்கிக்கட்டுமா?” என்று பொன்னரி கேட்டாள்.

சடைச்சி உலக்கையை நிறுத்தினாள். “நானும் அதைத்தான் தாயி கொண்டு போறேன். பாதி எடுத்துக்க.”

பொன்னரி நடந்து போக நினைத்தாள். கயிறு இல்லாமலும் கால்கள் பிரியவில்லை. இரண்டையும் சேர்த்துக் குதித்தே உரலடியில் சிந்திய தவிட்டருகே போய்ச் சேர்ந்தாள்.

சிட்டுக்குருவி இனம் தனக்கென்று நிலமில்லாமல் மனிதர்களின் கூரைகளில் ஒண்டி, முற்றத்தில் சிந்தியதை இரு காலும் சேர்த்துக் குதித்துக் குதித்துப் பொறுக்கித் தின்பது அன்று முதல்தான்.